வண்டியைப் படுக்க வைத்து எழுப்பினால் ஸ்டார்ட் ஆகுமா?

கேள்வி: நாங்கள் நாமக்கல்லைச் சேர்ந்த ஐந்து நண்பர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறி, மாலையில் இறங்குவோம். அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்தால் ஆளுக்கொரு கிறுக்குக் கேள்வி கேட்போம். ‘பெட்ரோல் தீர்ந்த வண்டியைப் படுக்க வைத்தால் ஏன் ஓடுகிறது?’, ‘டேங்கில் வாய் வைத்து ஊதினால் என்ன ஆகும்?’, ‘சைலன்சரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?’, ‘புல்லட் ஆள் பார்த்து உதைக்குமா?’, ‘பகலில் லைட் எரியுது என்று எதிரில் வருகிறவர்கள் எல்லாம் ஏன் கை காட்டுகிறார்கள்?’, ‘நூறு ரூபாய்க்குப் பதில் நூற்றிப்பத்துக்குப் போட்டால் பெட்ரோல் கூடக் கிடைக்குமா?’ என்று போய்க்கொண்டே இருக்கும். போன மாதம் ஒருவன், ‘வலது பக்கம் திரும்பணும்னா ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பணும்’ என்றான். அன்று முழுக்க அவனை ஓட்டித் தீர்த்துவிட்டோம். இன்னொருவன் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று இரண்டு கிலோமீட்டர் தள்ளினோம். மெக்கானிக் வந்து ஒரு சிவப்பு சுவிட்சைத் தட்டினார், அவ்வளவுதான். வேறொருவன் மலை இறங்கும்போது 70 வளைவும் நியூட்ரலில்தான் வருவான், பெட்ரோல் மிச்சமாம். இதில் எது முட்டாள்தனம், எது நிஜம்? முட்டாள்தனமாகப் பேசியவன் டீக் காசு கொடுக்க வேண்டும் என்று பந்தயம்.

- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: டீக் காசை முதலில் முடித்துவிடுவோம். ஹேண்டில்பார் நண்பர் சொன்னது சரி. அவரைக் கேலி செய்த நால்வரும் அவருக்கு டீயோடு வடையும் வாங்கித் தர வேண்டும். நியூட்ரலில் இறங்குகிறவர் ஆறு மாதத்துக்கு டீ வாங்கினாலும் தகும். அவரிடம் கடைசியில் வருகிறேன். மற்ற கேள்விகளைக் கேட்டதில் யாருக்கும் அபராதம் இல்லை, ஒவ்வொன்றுக்கும் வண்டிக்குள் ஒரு காரணம் இருக்கிறது.

படுக்க வைக்கும் கதை பழைய கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வண்டிகளில் முழு உண்மை. பைக்கின் டேங்க் ஒரு தட்டையான பெட்டி இல்லை. சட்டத்தின் நடுக் குழாய் மேல் குதிரைச் சேணம் போல உட்கார்ந்திருக்கும். அடிப்பக்கம் நடுவில் ஒரு மேடு, அதன் இருபுறமும் இரண்டு பள்ளம். பெட்ரோல் டேப் இருப்பது ஒரு பள்ளத்தில் மட்டும், நம் ஊர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் இடது பக்கம். மட்டம் அந்த மேட்டுக்குக் கீழே இறங்கியதும் வலது பள்ளத்தில் இருக்கும் பெட்ரோல் டேப் பக்கம் வர வழியில்லாமல் நின்றுவிடும். வண்டியை இடது பக்கம், அதாவது டேப் இருக்கும் பக்கம் நன்றாகச் சாய்த்தால் அது மேட்டைத் தாண்டி வழிந்து வந்து சேரும். 100 மில்லி கிடைத்தாலே ஒரு ஸ்ப்ளெண்டர் 5, 6 கிலோமீட்டர் போய்விடும். பங்க் வரை அது போதும்.

செய்வதானால் முறையாகச் செய்யுங்கள். சாவியை ஆஃப் செய்து, டேப்பை மூடிவிட்டு, டேப் பக்கமாகச் சாய்த்துப் பத்து எண்ணி நிமிர்த்துங்கள். தரையோடு படுக்க வைக்கத் தேவையில்லை. டேப் திறந்திருந்தால் கார்புரேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகப் பெட்ரோல் தரையில் கொட்டும், இருந்த கொஞ்சமும் போய்விடும். எஞ்சின் சூடாக இருக்கும்போதும், பக்கத்தில் யாராவது சிகரெட்டோடு நிற்கும்போதும் இந்த வித்தை வேண்டாம். எதிர்ப்பக்கம் சாய்த்துவிட்டு ‘ஒண்ணும் ஆகலையே’ என்று கேட்கிறவர்கள்தான் அதிகம்.

ரிசர்வ் என்றால் இரண்டாவது டேங்க் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டேப்புக்குள் உயரம் வேறுபட்ட இரண்டு உறிஞ்சு வழிகள் இருக்கும், அவ்வளவுதான். ‘ஆன்’ நிலையில் உயரமான குழாய், ‘ரிசர்வ்’ நிலையில் அடியில் உள்ள துளை. எப்போதும் ரிசர்விலேயே விட்டு ஓட்டுகிற ஆளுக்கு முன்னெச்சரிக்கையே கிடையாது. வண்டி நின்றால் நின்றதுதான்.

வாயால் ஊதுவதிலும் பாதி உண்மை இருக்கிறது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் தன் எடையால்தான் கீழே இறங்குகிறது. இறங்கும் பெட்ரோலின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கு டேங்க் மூடியில் ஒரு பொடி ஓட்டை உண்டு. அது தூசியால் அடைத்துக்கொண்டாலோ, ஆசையாக வாங்கிப் போட்ட ரெக்சின் டேங்க் கவர் அதன் மேல் அழுந்தியிருந்தாலோ, உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. வண்டி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நன்றாக ஓடி, இழுத்து இழுத்து நிற்கும். மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும். பிறகு மறுபடி ஓடும். ஊதினதால் ஓடியது என்று பெயர். உண்மையில் மூடியைத் திறந்ததாலேயே ஓடியிருக்கும். அந்த ஓட்டையை மெல்லிய கம்பியால் குத்தி, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி கண்ணுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது, ஊத வேண்டாம்.

இவ்வளவும் கார்புரேட்டருக்கு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு வாங்கிய பெட்ரோல் பைக் கிட்டத்தட்ட எல்லாமே எஃப்.ஐ.தான், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிக்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். அதில் டேங்குக்குள்ளேயே மின்சார பம்ப் இருந்து, பெரும்பாலான மாடல்களில் சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. உங்கள் மூச்சு அதற்கு எம்மாத்திரம்? படுக்க வைப்பதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. இந்த வண்டிகள் பலவற்றில் சாய்வு சென்சார் இருக்கிறது. சாவி ஆனில் இருக்கும்போது வண்டி படுத்துவிட்டால், விழுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு எஞ்சினையும் பம்பையும் நிறுத்திவிடும். நிமிர்த்திவிட்டு எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் எடுக்காது. சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால்தான் எடுக்கும். கீழே விழுந்த வண்டி ‘செத்துப்போச்சு’ என்று வேனில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

எஃப்.ஐ. வண்டியை வற்ற வற்ற ஓட்டாதீர்கள். அந்த பம்பைக் குளிர வைப்பதும் வழவழப்பாக வைத்திருப்பதும் அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். ஒருவேளை தீர்ந்தே போனால், பாட்டிலில் கால் லிட்டர் ஊற்றிவிட்டு செல்ஃபை அமுக்கிக்கொண்டே இருக்கக் கூடாது. குறைந்தது ஒரு லிட்டர் ஊற்றுங்கள். சாவியை ஆன் செய்து ‘ஊய்ங்’ சத்தம் நிற்கும் வரை, இரண்டு மூன்று விநாடி, பொறுங்கள். ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்தால் குழாயில் பெட்ரோல் நிறையும். அதன் பிறகு செல்ஃப்.

இனி அந்தச் சிவப்பு சுவிட்ச். எஞ்சினை உடனே அணைப்பதற்காக வைத்தது, பெயர் கில் சுவிட்ச். கில் சுவிட்சால் வண்டி தள்ளியவர்கள் தமிழ்நாட்டில் நீங்கள் மட்டும் இல்லை. பார்க்கிங்கில் குழந்தைகள் அமுக்கிவிட்டுப் போவார்கள், மழைக்கோட்டின் கை பட்டு மாறும், கூட வந்த நண்பனே விளையாட்டுக்குத் தட்டியிருப்பான். சில வண்டிகளில் கில் சுவிட்ச் ஆஃபில் இருந்தால் செல்ஃப் சுற்றவே சுற்றாது. சில பழைய வண்டிகளில் செல்ஃப் ஜோராகச் சுற்றும், கிக்கரும் உதைபடும், எஞ்சின் மட்டும் எடுக்காது. ஆளை ஏமாற்றுவது இந்த இரண்டாம் வகைதான்.

வண்டி எடுக்கவில்லை என்றால் தள்ளுவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள். கில் சுவிட்ச். அடுத்து சைடு ஸ்டாண்டு; இப்போதைய வண்டிகளில் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் எஞ்சின் எடுக்காது, அல்லது எடுத்துவிட்டு கியர் போட்டவுடன் ஆஃப் ஆகும். அந்தச் சுவிட்சில் சேறு அப்பிக்கொண்டால் ஸ்டாண்டை மடக்கிய பிறகும் இறங்கியிருப்பதாகவே நினைத்துக்கொள்ளும், தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு ஸ்டாண்டை நாலு தடவை ஆட்டுங்கள். அடுத்து நியூட்ரல் விளக்கு. எரியவில்லை என்றால் கிளட்சைப் பிடித்துக்கொண்டு அமுக்குங்கள். அடுத்து பெட்ரோல், மூடியைத் திறந்து கண்ணால் பாருங்கள், முள்ளை நம்பாதீர்கள். பிறகு ஹாரன். ஹாரன் முனகினால் பேட்டரி இறங்கியிருக்கிறது. ஹாரனும் இல்லை, மீட்டரும் எரியவில்லை என்றால் மெயின் ஃபியூஸ். பல வண்டிகளில் பேட்டரி பக்கத்திலேயே ஸ்பேர் ஃபியூஸ் ஒன்று வைத்திருப்பார்கள். அதே ஆம்பியர் எண் போட்டதை மாட்டுங்கள், சிகரெட் பாக்கெட் ஜிகினாத்தாளைச் சுருட்டி வைத்தால் அடுத்து வயரிங் கருகும். இதெல்லாம் சரியாக இருந்து, செல்ஃப் சுற்றியும் எடுக்கவில்லை என்றால் பிளக் கேப் கழன்றிருக்கிறதா என்று ஒரு அமுக்கு. மொத்தம் இரண்டு நிமிடம்.

சைலன்சர் தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே தயாராவது. பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் எரியும்போது காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது, நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் கணக்கு அதுதான். சைலன்சர் சூடாக இருந்தால் அது ஆவியாகப் போய்விடும், நமக்குத் தெரியாது. காலைக் குளிரில் இரும்பு சில்லென்று இருக்கும்போது உள்ளேயே படிந்து சொட்டும். பத்து நிமிடம் ஓட்டினால் நின்றுவிடும். தினமும் ஒரு கிலோமீட்டர் போய்க் கடைக்கு வந்து நிறுத்துகிற வண்டிகளின் சைலன்சர்தான் உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டை விழும். தண்ணீர் காயவே அவகாசம் கிடைப்பதில்லை. சைலன்சரின் அடியில் கம்பெனியே போட்ட சின்னத் துளை இருந்தால் அதை ‘லீக்’ என்று வெல்டிங் வைத்து அடைத்துவிடாதீர்கள். சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, அது வேறு விவகாரம், பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் பார்க்க வேண்டும்.

புல்லட் ஆள் பார்த்து உதைக்குமா என்றால், பிஸ்டன் நிற்கும் இடத்தைப் பார்த்து உதைக்கும். பாயின்ட் (பிளக்கில் பொறி வரும் நேரத்தை முடிவு செய்யும் சின்னத் தொடுமுனை) வைத்த பழைய புல்லட்டில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பிளக்கில் பொறி வந்துவிடும். உதையில் வேகம் இருந்தால் பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடும். அரை மனதோடு உதைத்தால் உச்சியை எட்டுவதற்குள் வெடித்து, பிஸ்டனைப் பின்னால் தள்ளி, கிக்கர் வழியாக உங்கள் காலுக்கு அனுப்பிவிடும். கணுக்கால் பிசகியவர்கள் எல்லாரும் இந்த அரை உதைக்காரர்கள்தான்.

பழைய ஆட்கள் செய்கிற முறை இது. சாவி ஆன், கியர் நியூட்ரல். கிக்கரைக் காலால் மெதுவாக அமுக்கிக்கொண்டே வாருங்கள், அம்மீட்டர் முள்ளைப் பாருங்கள். கிக்கர் கல் மாதிரி இறுகி, முள் நடுவுக்கு வந்து நிற்கும் இடம் ஒன்று வரும். அங்கே டீகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டருக்குள் அடைபட்ட அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் கொஞ்சம், ஒரு அங்குலம் போல, இறக்கி லீவரை விடுங்கள். கிக்கரை மேலே வர விட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் முழு நீளத்துக்கு ஒரே உதை. கால் கட்டைவிரலால் உதைக்காமல் பாதத்தின் நடுவால் உதையுங்கள், முழங்காலை விறைக்காதீர்கள். செருப்புக் காலோடு வேண்டாம். இப்படி உதைத்தும் திருப்பி அடித்தால் டைமிங், அதாவது பொறி வரும் நேரம், முன்னால் ஓடியிருக்கிறது, பாயின்ட் இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதே புல்லட்டில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம் இருக்கும். அதிலிருந்து இறங்கி அடுத்தவர் பல்சரில் ஏறுகிற நண்பர், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். இரண்டு வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள் புறப்படுவதற்கு முன் நின்ற இடத்திலேயே இரண்டு காலையும் மூன்று முறை மிதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. சிரிப்பாகத் தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும்.

பகல் விளக்குக்குச் சுருக்கமான பதில்: 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் தயாராகும் இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினால் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்பது சட்டம். அதனால் ஆஃப் சுவிட்சே கிடையாது. எதிரில் வருகிறவர் விரல்களைக் குவித்து விரித்துக் காட்டினால் தலையாட்டிவிட்டுப் போங்கள். ஆனால் ஹை பீமில் இருக்கிறதா என்று மீட்டரில் நீல விளக்கை ஒரு பார்வை பாருங்கள், சில சமயம் அவர்கள் சொல்ல வருவது அதுதான்.

நூற்றிப்பத்து ரூபாய் வித்தையில் ஒன்றுமில்லை. பங்க் மெஷின் அளப்பது கனஅளவை. ரூபாய் என்பது அதைப் பெருக்கிக் காட்டும் எண் மட்டுமே. 100 அமுக்கினாலும் 110 அமுக்கினாலும் உள்ளே ஓடும் மீட்டர் ஒன்றுதான். சந்தேகம் இருந்தால் தொகையை மாற்றிப் போட்டுப் பார்ப்பதைவிட, பங்கில் இருக்கும் 5 லிட்டர் முத்திரையிட்ட அளவைக் கொண்டுவந்து பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதைவிட முக்கியம், போடத் தொடங்குவதற்கு முன் பூஜ்யத்தைப் பார்ப்பது.

இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு கேள்வியும் உங்கள் டீக்கடையில் கண்டிப்பாக வந்திருக்கும்: வெயில் காலத்தில் ஃபுல் டேங்க் போட்டால் வெடிக்குமா? வெடிக்காது. பெட்ரோல் 10 டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு விரியும். தரைக்கடியில் குளிர்ச்சியாக இருந்த பெட்ரோலை 10 லிட்டர் டேங்கில் வாய் வரை நிரப்பி, வெயிலில் நிறுத்தி, அது 15 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 150 மில்லி வழியும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் இன்னும் சுலபமாக வழியும். காசு போச்சு, பெயின்ட் போச்சு, கீழே சூடான எஞ்சின் வேறு. டேங்கின் கழுத்துக்குழாய் தொடங்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், போதும்.

சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர் கேட்பாரே, ‘எவ்வளவு தருது ப்ரோ?’ என்று, அதற்குச் சரியான பதில் வைத்திருப்பவர் மிகக் குறைவு. 100 ரூபாய்க்குப் போட்டேன், மூணு நாள் ஓடுச்சு என்பதெல்லாம் கணக்கு இல்லை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திக் கழுத்து வரை நிரப்புங்கள், ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 200, 250 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே பங்கில் அதே போல நிறுத்தி, அதே மட்டம் வரை நிரப்புங்கள். 252 கிலோமீட்டருக்கு 4.6 லிட்டர் பிடித்தால் 252-ஐ 4.6-ஆல் வகுக்க வேண்டும்: லிட்டருக்குச் சுமார் 54.8 கிலோமீட்டர். இப்படி மூன்று தடவை எடுத்த சராசரியைத்தான் வெளியில் சொல்ல வேண்டும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் மைலேஜ் பாதியாகிவிட்டது என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். குறையும், அதை மறுப்பதற்கில்லை. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. அப்படியானால் 20 சதவீதக் கலப்பில் 6, 7 சதவீதம். 55 கொடுத்த வண்டி 51 கொடுத்தால் எத்தனால். 40 கொடுத்தால் டயரில் காற்று, இறுகிய செயின், விடாமல் உரசும் பிரேக் இவற்றில் ஒன்று. சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். அரைச் சுற்றில் நின்றால் பிரேக் உரசுகிறது. செயினை நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள், சாதாரண வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். காற்று முன்னால் 25, பின்னால் ஒற்றை ஆளுக்கு 28, 29 பி.எஸ்.ஐ. என்பது 100 சிசி வண்டிகளில் பொதுவாகக் காணும் அளவு. டபுள்ஸ் போனால் பின்னால் இன்னும் அதிகம் வேண்டும். சரியான எண் உங்கள் வண்டி ஸ்டிக்கரில் இருக்கும். நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்பதற்கு முன், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாதாரணக் காற்றைச் சரிபார்ப்பவருக்கு அது தேவையே இல்லை.

இப்போது உங்களிடம் வடை வாங்கப் போகிற நண்பர். சைக்கிள் வேகத்தில், யூ-டர்ன் அடிக்கும்போது, வலது பக்கம் போக ஹேண்டிலை வலது பக்கம்தான் திருப்புகிறோம். ஆனால் 20, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் வண்டி சாய்ந்தால்தான் திரும்பும். சாய வைப்பது எது? வலது பிடியை முன்னோக்கி லேசாகத் தள்ளும்போது முன் சக்கரம் ஒரு நொடிக்கும் குறைவாக இடது பக்கம் எட்டிப் பார்க்கிறது. சக்கரம் இடது பக்கம் விலகியதும் மேலே இருக்கும் எடை வலது பக்கம் சாய்கிறது. சாய்ந்த வண்டி வலது பக்கம் வளைகிறது, முன் சக்கரமும் தானாக வலது பக்கம் திரும்பிக்கொள்கிறது. நீங்கள் ஐந்து பேரும் இத்தனை வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள், தெரியாமல்.

சோதித்துப் பார்க்க ஆளில்லாத நேரான சாலை வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில், கைகளைத் தளர்வாக வைத்து, வலது உள்ளங்கையால் பிடியை முன்னோக்கி மிக லேசாக அழுத்துங்கள். வண்டி வலது பக்கம் போகும். விட்டால் நேராகும். தள்ளுவது முன்னோக்கித்தான், கீழ்நோக்கி அல்ல. இது வெறும் டீக்கடைப் பேச்சு இல்லை. திடீரென்று நாய் குறுக்கே வரும்போது உடம்பு விறைத்து, கை இரண்டும் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கையும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும்போது வண்டி எங்கும் திரும்பாமல் நேராகப் போய் இடிக்கும். எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தக் கையைத் தள்ளு என்று பழகியவருக்கு அந்த அரை நொடியில் கை தானாக வேலை செய்யும். பின்னால் உட்காருபவர் பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஓட்டுகிறவரின் வேலை இரட்டிப்பாகும். வளைவின் உள்பக்கம் இருக்கும் ஓட்டுநரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், வேறெதுவும் செய்ய வேண்டாம்.

கடைசியாக நியூட்ரல்காரர். இதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை, ‘கெட்டிக்காரன், பெட்ரோல் மிச்சம் பண்றான்’ என்கிறார்கள். எஃப்.ஐ. வண்டியில் அந்த மிச்சமே பொய். கியரில் இருந்து ஆக்சிலேட்டரை முழுவதும் மூடி இறங்கும்போது, எஞ்சினைச் சக்கரம் சுற்றுகிறது என்று கண்டு, சுற்று வேகம் போதுமான அளவு இருக்கும் வரை பெட்ரோல் தெளிப்பதையே அது நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டாலோ எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் தெளித்தாக வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் ஏதோ கொஞ்சம் மிச்சமாகலாம், ஒரு டீக் காசுக்குக்கூட வராது. சாவியையே ஆஃப் செய்துவிட்டு இறங்குவது அதைவிட மோசம். கார்புரேட்டர் வண்டி கியரில் இருந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சரில் சேர்ந்து, மறுபடி ஆன் செய்யும்போது ‘டமார்’ என்று வெடிக்கும். ஹாரனும் லைட்டும் இருக்காது. சாவி கை தவறி இன்னும் ஒரு நிலை திரும்பினால் ஹேண்டில் லாக் ஆகும்.

பிரேக் படுகிற பாட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியும் இரண்டு ஆளும் 240 கிலோ, இறக்கம் 900 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தை விட்டு இறங்கும்போது வெளிவரும் சக்தி, அறைச் சூட்டில் இருக்கும் ஏறக்குறைய 7 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். காற்றின் தடை கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், கொண்டை ஊசி வளைவுகளின் வேகத்தில் அதுவும் பெரிதாக இல்லை. கியரில் இருந்தால் மீதியில் பெரும்பங்கை எஞ்சின் தாங்கும். நியூட்ரலில் அத்தனையும் இரண்டு பிரேக்குக்குள்தான் இறங்க வேண்டும். டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுற்றும் டிரம் சூடேறி விரிந்தால், உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூ இன்னும் தூரம் போய்த்தான் தொட வேண்டும். பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். லைனிங் கருகி வழுக்கும். டிஸ்க்காக இருந்தால், வருடக்கணக்கில் மாற்றாத பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருக்கும், அது கொதித்துக் குமிழி வந்தால் லீவர் ஸ்பாஞ்சு மாதிரி கைக்குள் வந்துவிடும்.

ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்; காரவள்ளிப் பாதையில் பெரும்பாலும் இரண்டாவது, கொண்டை ஊசியில் தேவைப்பட்டால் ஒன்று. பிரேக்கை வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். வழியெல்லாம் லேசாக மிதித்துக்கொண்டே வருவதுதான் சூட்டை ஏற்றும். முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று அதைத் தொடாமலே ஓட்டுகிறவர் உங்கள் ஐவரில் ஒருவராவது இருப்பார். பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரத்துக்கு வருவதால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. இரண்டு விரலால், வெடுக்கென்று இழுக்காமல் அமுக்கி, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மணலிலும், ஹேண்டில் திரும்பியிருக்கும்போதும் மட்டும் முன் பிரேக்கில் கை அழுத்தக் கூடாது.

கருகல் வாசம் வந்தாலோ பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனாலோ அகலமான இடம் பார்த்து நிறுத்தி 20 நிமிடம் விடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணும், டிரம் விரிசல் விடலாம். அடுத்த ஞாயிறு கிளம்புவதற்கு முன், பின் டிரம்மில் பிரேக் கம்பி சேரும் கையின் அருகே ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், பாருங்கள். பெடலை முழுவதும் மிதித்தபோது அந்த அம்பு டிரம் தட்டில் உள்ள கோட்டைத் தொட்டால் ஷூ தேய்ந்துவிட்டது. நியூட்ரல்காரர் வண்டியில் முதலில் பாருங்கள்.